திருப்பி அனுப்பிய ஹார்ட் டிஸ்க்

2012ஆம் ஆண்டில் நான் ஒரு நாளிதழின் கடலூர் அலுவலகத்தில் நிருபராக இருந்தேன். விபத்து, விவசாயம், ஆட்சியர் அலுவலகக் கூட்டங்கள் ஆகியவற்றோடு இன்னொரு வேலையும் இருந்தது. வாரம் ஒரு மின்னணுப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்து, அது தேறுமா தேறாதா என்று ஞாயிறு இணைப்பில் எழுத வேண்டும். நிறுவனங்கள் சென்னையிலிருந்து பொருளைக் கூரியரில் அனுப்பும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அந்த வாரம் வந்தது லேப்டாப்பில் செருகிப் பயன்படுத்தும் ஒரு ஹார்ட் டிஸ்க். சட்டைப் பையில் அடங்கியது. கறுப்பு நிறம், எடை குறைவு, கையில் பிடித்தால் சோப்புக்கட்டியின் தடிமன். பழைய டிஸ்க்குகளைவிட மூன்று மடங்கு வேகம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். பெட்டியில் இருப்பதை நம்பாமலிருப்பதுதான் என் வேலை.

நாங்கள் சிதம்பரத்தில் குடியிருந்தோம். என் மனைவி கடலூரில், காது கேளாத குழந்தைகளுக்கான சிறிய பள்ளி ஒன்றில் ஆசிரியை. காலையில் இருவரும் ஒரே பேருந்தில் போவோம். அவள் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். எல்லோர் நெஞ்சிலும் துணிப் பையில் காதுக்கருவி தொங்கும். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் காதுகளுக்குப் போகும். கருவி மாட்டினால் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இன்னது என்று பழக்குவதும், அதைத் திரும்பச் சொல்லவைப்பதும் என் மனைவியின் வேலை. 'ப' என்ற எழுத்துக்கு உதட்டின் முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பாள். சரியாகச் சொன்னால் காகிதம் ஆடும். 'ம'வுக்குப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் மூக்கின்மேல் வைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் சின்ன காமிராவில் ஒரு நிமிடம் வீடியோ எடுப்பாள். அதே நாற்காலி, அதே ஐந்து சொற்கள். 2006இல் ஆரம்பித்தது. பேச்சு என்பது தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வளர்வதே தெரியாத ஒன்று. இரண்டு, மூன்று வருடம் ஆனதும் பெற்றோர் மனம் தளர்ந்து, பிள்ளையை நிறுத்திவிடுகிறேன் என்று வருவார்கள். அப்போது அவள் முதல் நாள் வீடியோவையும் போன வார வீடியோவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவாள். அதுவரை அப்படி வந்த நான்கு குடும்பங்கள் பிள்ளையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தன.

அந்த வீடியோக்கள் எல்லாம் அவள் லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. இன்னொரு பிரதி வேண்டும், ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்று நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க. ஊருக்கெல்லாம் எது நல்லதுன்னு எழுதுறவரு வீட்டுலதான் ஒண்ணுமே வந்து சேராது" என்றாள் ஒருமுறை.

இந்த டிஸ்க்கின் வேகத்தைப் பார்க்க என் லேப்டாப் உதவாது. அது பழையது. அவளுடையதில் புதிய வகை இணைப்பு இருந்தது. கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க. என் வீடியோவையும் அதுல போட்டுப் பாருங்க. அத்தனையும் கொள்ளுதான்னு தெரிஞ்சிக்கிட்டா, அதே சைஸ்ல ஒண்ணு வாங்கிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அந்த வருடம் எங்கள் பக்கமெல்லாம் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. லேப்டாப் பேட்டரியும் அதற்குள் தளர்ந்திருந்தது. எனவே நானே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். ஆறு வருட வீடியோக்களும் கரண்ட் இருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகின்றனவா? சேர்ந்தன. இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சமும் இருந்தது. அலுவலகத்திலிருந்த பழைய டிஸ்க்கில் இதே வேலை கரண்ட் போவதற்குள் முடியாது. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு சோதனை தோன்றியிருக்காது என்று சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

அடுத்தது, டிஸ்க்கிலிருந்து லேப்டாப்புக்கு எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது. விளம்பரத்துக்காக நிறுவனம் அதில் பெரிய பெரிய சினிமாப் படங்களை ஏற்றி அனுப்பியிருந்தது. அவற்றை லேப்டாப்புக்குள் கொட்டி நேரம் பார்த்தேன். சராசரி எடுப்பதற்காக மூன்று முறை, வேறு வேறு இடங்களில். லேப்டாப்பில் இடம் தாராளமாக இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேசை உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் பெட்டியில் எழுதியிருந்தது. அதையும் பார்த்துவிட எழுந்தபோது மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தவங்க பொருளுங்க. போட்டுக் கீட்டு உடைச்சி வெச்சிடாதீங்க."

செவ்வாய்க்கிழமை டிஸ்க்கைக் கூரியரில் திருப்பி அனுப்பினேன். கட்டுரையும் அன்றே போய்விட்டது.

புதன்கிழமை பேருந்தில் வரும்போது மனைவி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். தேவனாம்பட்டினத்துப் பெண். ஏழு வயது. நான்கு வயதில் சேர்ந்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். சனிக்கிழமை வந்து டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வருடத்தில் அரைகுறையாக நாலு வார்த்தைதான் வருகிறது, இனி வீட்டோடு இருக்கட்டும் என்பது அவர் முடிவு.

"இப்பதான் அவ காது பழகி வருது. இந்த வயசுல நிறுத்தினா கருவியக் கழட்டி வெச்சிடுவாங்க. அப்பறம் ஒண்ணுமே இல்ல." பேருந்தை விட்டு இறங்கும்போது, "வீடியோவப் போட்டுக் காட்டுறேன். பாத்தா விட்டுட்டுப் போயிடுவாரு" என்றாள்.

வியாழக்கிழமை மாலை அதற்காக லேப்டாப்பைத் திறந்தாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, என் ஃபோல்டர எங்க வெச்சீங்க?"

"எங்கயும் வெக்கலையே. காப்பிதான பண்ணேன்."

சொல்லும்போதே என் விரல்கள் என்ன செய்தன என்பது நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் எப்போதும் இடம் இருக்காது. படமோ செய்தியோ, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும்போது யாரும் காப்பி செய்வதில்லை, கட் செய்துவிடுவோம். அங்கே போய்ச் சேர்ந்தால் இங்கே இருக்காது. பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை அழுத்திய பொத்தானை ஞாயிற்றுக்கிழமையும் அழுத்தியிருக்கிறேன்.

அவள் கத்தவில்லை. திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்கு ஒங்களுக்கு என் புள்ளைங்கதான் கெடச்சாங்களா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சென்னைக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த நிறுவனத்துக்காக டிஸ்க்குகளை அனுப்பி வைக்கும் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"யூனிட் வந்துடுச்சி சார். வந்த உடனே முழுசா அழிச்சி, புதுப் படங்க ஏத்தி, அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிட்டோம். உங்க பிரைவசிக்காகத்தான் சார். ஸ்பீடு எப்பிடி இருந்துச்சி?"

நன்றாக இருந்தது என்றேன்.

லேப்டாப்பை அலுவலகத்தில் எங்கள் புகைப்படக்காரரிடம் கொடுத்தேன். அழிந்த படங்களை மீட்டெடுப்பதில் அவர் கெட்டிக்காரர். மதியம்வரை ஏதேதோ ஓட்டிப் பார்த்தார்.

"கட் பண்ணதோட விட்டிருந்தா எடுத்திருக்கலாம் மச்சான். காலியான எடத்துல மூணு தடவ சினிமாவக் கொட்டி வெச்சிருக்க. கரும்பலகைய அழிச்சிட்டு அது மேலயே எழுதின மாதிரி ஆயிப்போச்சி." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானா இருந்தாலும் கட்டுதான்டா பண்ணியிருப்பேன்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் கடைக்குப் போய், அங்கே முதலில் எடுத்து நீட்டிய ஹார்ட் டிஸ்க்கை வாங்கினேன். வேகத்தைக் கேட்கவில்லை. அன்றைய வெள்ளிக்கிழமை வீடியோக்கள் எட்டும் அதில் ஏறின. அவ்வளவு பெரிய இடத்தில் எட்டே எட்டு. மாலைப் பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியது. மனைவி, "நாளைக்கு நீங்களும் பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்றாள்.

"நான் வந்து என்ன பண்ண? மன்னிப்புக் கேக்கவா?"

"கேள்வி கேக்க. அது தெரியும்ல ஒங்களுக்கு?"

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. உள்ளே வந்ததும் மகள் அவர் கையை விட்டுவிட்டு ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தாள். மனைவி எதையும் மறைக்கவில்லை. வீடியோக்கள் இருந்தன, காட்டலாம் என்றிருந்தேன், என் கணவர் தவறுதலாக அழித்துவிட்டார், இவர்தான் அவர் என்று சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டி.சி. குடுக்காம இழுக்கறதுக்கு இப்பிடி ஒரு கதையா மிஸ்ஸு?"

"டி.சி. ரெடியா இருக்குதுங்க. பெரிய மிஸ் கையெழுத்துப் போட்டாச்சி." அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஆனா புள்ளையோட ரெகார்டு போயிடுச்சில்ல, அத எழுதித்தான் அனுப்பணும். மொத மொத வந்தப்ப எப்பிடி இருந்தா, இப்ப எப்பிடி இருக்குறான்னு. எனக்கு எட்டுப் புள்ளைங்க. ஒங்களுக்கு அவ ஒருத்தி. நீங்க சொல்லுங்க, இவரு எழுதிக்குவாரு."

நான் நோட்டை எடுத்தேன்.

"சேத்தப்ப என்ன வயசு?"

"நாலு. சுனாமிக்கு மறு வருசம் பொறந்தவ."

"அப்ப எப்பிடி இருந்தா?"

"எப்பிடின்னா... பேச மாட்டா சார். அவ்ளோதான்."

"தண்ணி வேணும்னா என்ன செய்வா?"

"கையப் புடிச்சி இழுத்துக்கினு போயி பானைகிட்ட நிறுத்துவா."

"அழுவாளா?"

"அழுவா. ஒரே மாதிரி அழுவா சார். மத்த புள்ளைங்க அழுதா ஏறும், எறங்கும். இது ஒரே சத்தமா, இஞ்சினு மாதிரி ஓடிக்கிட்டு இருக்கும்." அவர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார்.

"கூப்பிட்டா திரும்புவாளா?"

"எங்க திரும்புறது? தொண்ட கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டா. தரைய ஒதைப்பேன் சார். வீட்ல தரைய ஓங்கி ஒதைச்சா அந்த அதிர்வுல திரும்பிப் பாப்பா. போட்டுல ஒக்காந்திருந்தா பலகைய ஒதைப்பேன். எங்க தெருவுல கேளுங்க, ஒதைக்கிற வூடுன்னே சொல்லுவாங்க. அவுங்க அம்மா ஒதைச்சி ஒதைச்சி குதிகால் வீங்கி, டாக்டருகிட்ட காட்டினோம்." அவரே சிரித்தார்.

எழுதி முடித்துவிட்டு, நிருபர்கள் அடுத்து கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"இப்பவும் ஒதைக்கிறீங்களா?"

"இப்ப இல்ல."

"எப்ப விட்டீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். வருடத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறார் என்று நினைத்து, பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தேன். அவர் என்னைவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"தெரியலியே மிஸ்ஸு. போன பொங்கலுக்கு ஒதைச்சேனா? இல்ல. அதுக்கு முன்னாடியே... எப்ப விட்டேன்னே தெரியல."

பிள்ளைகள் பதில் சொல்லும்வரை காத்திருந்து பழகியவள் என் மனைவி. முகத்தில் அவசரம் இருக்காது. தரையை உதைப்பது நின்றுபோனது அந்த ஐந்து சொற்களில் இல்லை. ஆறு வருட வீடியோவை முழுக்கப் போட்டுக் காட்டியிருந்தாலும் இது அதில் இருந்திருக்காது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. கிரேயான் தாளில் போய்க்கொண்டிருந்தது. என் மனைவியின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடிப்பதைப் பார்த்தேன். அவர் இன்னொரு முறை, அதே குரலில் கூப்பிட்டார்.

"இழுப்பா!" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல்.

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"இருப்பாங்கிறா சார். இருக்கணுமாம் நானு." அவர் சிரித்தபோது தோள்கள் குலுங்கின. "திமிரப் பாத்தீங்களா மிஸ்ஸு? வீட்லயும் இதேதான். சாப்புடக் கூப்புட்டா இரு, குளிக்கக் கூப்புட்டா இரு. அவுங்க அம்மாவுக்கு மேல இருக்குறா."

கர்சீப்பை எடுத்து முகத்தை முழுதாகத் துடைத்துக்கொண்டார். பிறகு டி.சி.யை ஒற்றை விரலால் மனைவியின் பக்கம் நகர்த்தினார். அது இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மனைவி அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். நான் நோட்டை மூடப்போனேன்.

"இருங்க சார், அதுக்குள்ள மூடிட்டீங்க" என்றார் அவர். "மொத மொத எப்பிடி இருந்தான்னு எழுதினீங்க இல்ல? இப்ப எப்பிடின்னும் எழுதிக்குங்க. கூப்புட்டா காதுல வாங்கிக்கிறா. ஆனா வர மாட்டேங்கிறா."

அவர் சொன்னபடியே எழுதினேன்.