ஜெர்மேனோடு போன பயணம்

ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றை எங்கள் சனத்தின் கையில் கொடுத்துப் பாருங்கள். நகரங்களின் பெயர் யாருக்கும் தேவைப்படாது. லண்டன் என்றால் மாமி வீடு, சூரிச் என்றால் சின்னண்ணை வீடு, ஒஸ்லோ என்றால் போன வருஷம் கோபித்துக்கொண்ட மச்சான் வீடு. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நாங்கள் போவதில்லை. போனாலும் குடும்பமாகத்தான் போவோம், அரிசியும் கறித்தூளும் கட்டிக்கொண்டு. ஆகவே, பாரிசில் எங்கள் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் சட்டை தைக்கும் ஜெகதீஸ்வரி அக்கா, செப்ரெம்பரில் ஒரு கிழமை கிரேக்கத் தீவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, கடையில் நின்ற அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

அது 2018. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ரூ காயில் அவர் எல்லாருக்கும் அக்கா. வயதில் மூத்த கிழவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கலியாணம் கட்டவென்று பாரிசுக்கு வந்தவர். கட்டியவர் நாலு வருஷம் கூட இருந்தார். பிறகு லண்டனில் ஒரு வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டவர், அங்கேயே இன்னொருத்தியோடு குடியமர்ந்துவிட்டார். அந்த மனுஷனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு அக்கா தன் தம்பி கரிகாலனை ஊரிலிருந்து கூப்பிட்டெடுத்தார். அவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்து, பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் வீடு வாங்கி, சாம்பவியைக் கட்டி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானான். அக்காவுக்குப் பாரிசை ஒட்டிய சென் தெனியில் ஓர் அறை.

வருஷா வருஷம் வக்கான்ஸ், பள்ளிக்கூட விடுமுறை, தொடங்கினால் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போவார். தம்பியும் பெண்சாதியும் வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. சமைப்பார், தோய்ப்பார், பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவார். விடுமுறையில் வழமையை விட இரண்டு மடங்கு வேலை செய்துவிட்டு, நல்லாய்ப் பொழுதுபோனது என்று சந்தோஷமாகத் திரும்பி வருவார். ஆனால் பிள்ளைகள் என்றால் வளரத்தானே செய்யும். அந்த வருஷம் ஜூலை போனது, ஓகஸ்ட் போனது, "எப்ப வாறியள் அக்கா?" என்று ஒரு அழைப்பும் வரவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. ரோஷக்காரி.

ஒருநாள் வேலை முடிந்து போகும்போது, கார் து நோர் ரயில் நிலையம் பக்கம் இருந்த ஒரு பயண முகவர் கடையின் கண்ணாடியில் ரோட்ஸ் தீவின் படம் தொங்கியது. அந்த நீலத்தில் ஒரு சேலை வந்தால் ஒரே நாளில் விற்றுப்போகும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார். பதிவுசெய்த பெண் பிள்ளை, "இரண்டு பேருக்கா?" என்று கேட்டாள். "ஒருவருக்கு" என்றார் அக்கா. பிரெஞ்சில் அதைச் சொல்வது லேசாக இருந்தது. தமிழில் சொல்வதுதான் கஷ்டம்.

அதனால்தான் கடையில் அந்தக் கேள்வி வந்தபோது, வாயில் முதலில் வந்த பெயரைச் சொல்லிவிட்டார்.

"ஜெர்மேனோடை போறன்."

ஜெர்மேன் என்று ஒருவர் இருப்பது உண்மைதான். அக்காவுக்குக் கீழ்மாடியில் இருக்கும் வெள்ளைக்கார மூதாட்டி. படியில் கண்டால் பொன்ஜூர் சொல்வார். மழை பெய்தால் மழை பெய்கிறது என்பார். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் பிரெஞ்சுச் சினேகிதி என்றதும் கடையில் அக்காவின் மதிப்பு ஒரு முழம் உயர்ந்தது. காசு மேசையில் நிற்கும் வள்ளிநாயகி பெருமூச்சு விட்டாள்.

"அப்ப நல்லது. நான் நினைச்சன், தனியப் போறியளாக்கும் எண்டு. பாவமாய்ப் போச்சுது."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அக்காவுக்கு ஆகாது. புருஷன் போனபோது ஊரே அதைச் சொன்னது. அதற்குப் பிறகு யார் வாயிலிருந்தும் அது வராமல் காப்பாற்றித்தான் இத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து நடந்தார். தனக்கென்று ஒருவரும் இல்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. மானம் என்று அவர் வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

தீவில் முதல் மூன்று நாளும் கடற்கரையில் நடந்தார், ஹோட்டலில் சாப்பிட்டார், அறைக்கு வந்து படுத்தார். சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு பேருக்குப் போட்டிருந்த மேசையில் எதிரே இருந்த கோப்பையையும் கத்தியையும் பரிசாரகன் வந்து எடுத்துக்கொண்டு போவான். ஒவ்வொரு வேளையும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. நாலாம் நாள் அரைநாள் சுற்றுலா. காலையில் பஸ் வரும், பிரெஞ்சு பேசும் வழிகாட்டி ஒருத்தி தீவைச் சுற்றிக் காட்டுவாள், மத்தியானம் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள்.

பஸ் நிறைய பிரெஞ்சுக்காரர், எல்லாரும் சோடி சோடியாக. அக்கா யன்னலோரமாக இருந்தார். பக்கத்து இருக்கை காலி. வழிகாட்டிப் பெண் சின்ன வயது, கலகலவென்று பேசினாள். முதலில் பழைய கோட்டை வாசல், பிறகு கடலைப் பார்க்கும் ஒரு மேடு. ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் திரும்பி ஏறியதும் அவள் ஒலிவாங்கியைப் பிடித்து, "உங்களுக்குப் பக்கத்தில் பாருங்கள். ஆள் இருக்கிறாரா?" என்று கேட்பாள். பஸ் முழுக்கப் பிரெஞ்சில் ஓம் என்று, "வீ!" எனக் கத்தும். முன்னுக்கிருந்த ஒரு மனுஷன் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்து, "என்ன செய்வது, இருக்கிறாள்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முதல்தரம் அக்கா பக்கத்து இருக்கையைப் பார்த்தார். யாராவது கவனிக்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து தானும் "வீ!" என்று கத்தினார். இரண்டாந்தரம் தயங்காமலே கத்தினார்.

மூன்றாவது இடம் மலையுச்சியில் ஒரு பழைய மடம். பைன் மரங்கள், கல் பாவிய முற்றம், நடுவில் தேவாலயம். முற்றத்தில் மயில்கள் உலாவின. ஒன்றல்ல, ஏழெட்டு. அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மயில் நிற்கிற இடத்தில் யார் இருப்பார் என்று அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? "முருகா, நீ இஞ்சையோ நிக்கிறாய்!" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தத் தீவில் கால் வைத்த பிறகு அவர் தமிழில் பேசியது அதுதான் முதல்தடவை.

வாசலில் செருப்பைக் கழற்றினார். மற்றவர்கள் சப்பாத்தோடுதான் உள்ளே போனார்கள். போகட்டும், அவரவர் வளர்ப்பு. மெழுகுதிரி ஏற்றினார், மாதா படத்தின் முன் கண்ணை மூடினார். வெளியே வந்தவர் செருப்பைப் போடவில்லை. கோயிலுக்கு வந்துவிட்டுச் சுற்றாமல் போவதா? மூன்று சுற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தேவாலயத்தை வலம் வரத் தொடங்கினார். மூன்றாம் சுற்றில், கட்டடத்தின் பின்பக்கம், ஒரு மயில் வழியை மறித்து நின்றது. அதை விரட்ட அக்காவுக்கு மனம் வருமா? அதுவாக விலகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது ஆறுதலாகக் கொத்தித் தின்றுவிட்டுத்தான் போனது.

வாசலுக்கு வந்தபோது படியில் அவருடைய செருப்பு மட்டும் இருந்தது. பஸ் நின்ற இடத்தில் பஸ் இல்லை.

முதலில் பதற்றம் வரவில்லை. திருப்பத்துக்கு அப்பால் நிறுத்தியிருப்பார்கள் என்று போய்ப் பார்த்தார். இல்லை. சரி, இப்போது கண்டுபிடித்துத் திரும்பி வருவார்கள் என்று சுவரில் குந்தினார். ஒரு கார் வந்தது, இன்னொரு பஸ் வந்தது, அது வேறு ஆட்களுடையது. வெயில் ஏறியது. அப்போதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி நினைவுக்கு வந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று எல்லாரையும் கேட்டிருப்பாள். எல்லாரும் ஓம் என்றிருப்பார்கள். ஜெகதீஸ்வரி யாருக்குப் பக்கத்திலும் இல்லை. யார் சொல்வது? அக்கா அழுதார். மூக்கைச் சிந்தி, சேலை என்று நினைத்துச் சால்வைத் தலைப்பில் துடைத்தார்.

சுற்றுலாக்காரரின் இலக்கம் ஹோட்டல் அறையில் கிடந்தது. கைபேசியில் இருந்த இலக்கமெல்லாம் பாரிஸ்காரருடையது. தம்பிக்கு எடுத்தார்.

"அக்கா, எங்கை நிக்கிறியள்?"

"ஒரு மலையிலை. பஸ் என்னை விட்டிட்டுப் போட்டுது."

"விட்டிட்டுப் போட்டுதோ? ஜெர்மேன் எங்கை?"

"அவவும் என்னோடைதான் நிக்கிறா."

கரிகாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேரையுமோ? ஒராளை மறந்தாலும் பரவாயில்லை, ரெண்டு பேரை எப்பிடி மறப்பாங்கள்? போனை அவவிட்டைக் குடுங்கோ. எந்தக் கொம்பனி எண்டு நான் கேக்கிறன்."

அக்கா சுற்றிப் பார்த்தார். முற்றத்தைக் கூட்டும் கிரேக்கக் கிழவி ஒருத்தி நின்றாள், மயில்கள் நின்றன. முகம் கழுவப் போய்விட்டா என்று சொல்லலாம். பிறகு அவன் திரும்ப எடுப்பான். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள், ஒன்பதையும் தேட அக்காவிடம் தெம்பில்லை.

"தம்பி, ஜெர்மேன் வரேல்லை. ஒருத்தரும் வரேல்லை. நான் தனியத்தான் வந்தனான்."

மறுமுனையில் விமானமொன்று இரைந்து போவது கேட்டது. அக்கா காத்திருந்தார். ஏன் எங்களிட்டை வரேல்லை என்று கேட்பான், இல்லாவிட்டால் ஏசுவானாவது என்று எதிர்பார்த்தார்.

"சரி அக்கா," என்றான் கரிகாலன் கடைசியில். "உதை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ. தமக்கையைத் தனிய விட்டிட்டினம் எண்டு சனம் எங்களைத்தான் கதைக்கும்."

ஊர் வாயை மூட உலைமூடி தேடுகிறவன் அவன். ஆனாலும் வேலையில் கெட்டிக்காரன். ஹோட்டலுக்கு எடுத்து, அங்கிருந்து சுற்றுலாக்காரரைப் பிடித்துப் பேசினான். ஒரு டாக்சியில் வழிகாட்டிப் பெண் வந்து இறங்கினாள். கண் சிவந்திருந்தது. துறைமுகத்தில் எல்லாரும் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம், ஹோட்டலிலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் ஆள் குறைந்ததே அவளுக்குத் தெரியுமாம்.

"நான் கேட்டேனே, மதாம். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்."

"அவர்கள் பொய் சொல்லவில்லை பிள்ளை," என்றார் அக்கா தன் உடைந்த பிரெஞ்சில். "அவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. நான்தான் பொய் சொன்னேன்."

பெண்ணுக்கு அது விளங்கவில்லை. அக்கா அவளுடைய முதுகைத் தடவிவிட்டு டாக்சியில் ஏறினார்.

கிழமை முடிந்து பாரிசுக்குத் திரும்பியபோது ரோய்சி விமான நிலையத்தில் கரிகாலன் காத்துக்கொண்டு நின்றான். பையை வாங்கிக்கொண்டான். காரில், இனி அடுத்த வருஷம் எங்களோடை வாருங்கோ என்று சொல்வான் என அக்கா சென் தெனிவரை நினைத்துக்கொண்டு வந்தார். அவன் வேறு விஷயம் சொன்னான். பஸ் விட்டுவிட்டுப் போன கதையைச் சாம்பவி அவசரப்பட்டுக் கடைக்குச் சொல்லிவிட்டாளாம். ஜெர்மேன் மலையில் விழுந்து காலைப் பிசகிக்கொண்டா, அவவோடு நின்றதால்தான் பஸ்ஸை விட்டது என்று சொல்லிச் சமாளித்தாயிற்றாம்.

"நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை."

"ஓம்," என்றார் அக்கா.

திங்கட்கிழமை கடைக்குப் போனார். "ஜெர்மேனுக்கு இப்ப எப்பிடி?" என்று வள்ளிநாயகி கேட்டாள். "பரவாயில்லை," என்றார். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் கேட்டார். எக்ஸ்ரே எடுத்ததா, எலும்பு முறிவோ, வயது போனதுகளுக்குக் கால் போனால் பிறகு கஷ்டம், ஆர் சமைச்சுக் குடுக்கினம், தனிய இருக்கிற மனுஷியெல்லே. தன்னைப் பற்றி இப்படி ஒருவரும் ஒருநாளும் விசாரித்ததாக அக்காவுக்கு நினைவில்லை. ஒரு கிழமையாக ஜெர்மேனின் காலைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே தைத்தார். யாரும் 'பாவம்' என்று அவரைச் சொல்லவில்லை. அவர் நினைத்தது நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வள்ளிநாயகி ஒரு போத்தல் நோவெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். ஊரிலிருந்து வந்தது, நல்ல சாமான், சுடவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கோ என்றாள்.

அக்கா வீட்டுக்கு வந்தார். கீழ்மாடிக் கதவைத் தாண்டி மேலே ஏறினார். அன்று படி நீளமாக இருந்தது. எண்ணெயைச் சுடவைத்தார். கட்டிலில் இருந்து, இத்தனை வருஷம் மெஷின் மிதித்த வலது முழங்காலில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தார். நாலைந்து வருஷமாகவே அந்தக் காலில் நோ. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அடுத்த திங்கட்கிழமை வள்ளிநாயகி ஜெர்மேனின் காலைப் பற்றிக் கேட்டபோது, "சுகமாயிருக்காம்," என்று சொன்னார்.