கிளி ராணிக்கு நான் வைத்த முடிவு

நேற்று சாயங்காலம் என் பேத்தி போனைச் செம்பில் சாய்த்து வைத்து ஒரு பேய்ப் படம் போட்டாள். எந்த ஊர்ப் படமோ, பேச்சு ஒன்றும் புரியவில்லை. அடியில் தமிழில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "கீழ படி ஆயா" என்றவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது அவளுக்கு அடிக்கடி மறந்துபோகிறது. இவ்வளவு பேசுகிறவளுக்குப் படிக்கவும் தெரியும் என்று நினைத்துவிடுகிறாள் போலும். எனக்கு அதில் சந்தோஷம்தான். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், இஸ்கூலில் கற்ற நல்ல தமிழில்.

எழுத்து இல்லாமலே படம் புரிந்தது. ஒரு பெரிய பங்களா, அதில் ஒரு பேய், அந்தப் பேயிடம் மாட்டிக்கொள்ள ஐந்தாறு மடையர்கள். இப்போது எல்லா ஊரிலும் இதே படம்தான். பேய் வந்தால் பயப்பட வேண்டும், இல்லை சிரிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய் என்றால் எனக்கு விக்கல்தான் வருகிறது. இடைவேளைக்கு அப்புறம் பேய் தன் கதையைச் சொல்லி அழும். பாவம், அதன் வீட்டையும் யாராவது பிடுங்கியிருப்பார்கள்.

டிவியில் வரும் காமெடி நிகழ்ச்சிகள் இன்னும் மோசம். ஒருவன் பேசி முடிப்பதற்குள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தத்தை அவர்களே போட்டுவிடுகிறார்கள். நமக்கு வேலை மிச்சம்.

பேத்தி படத்துக்கென்று ராயப்பேட்டை மார்க்கெட் பக்கத்துக் கடையிலிருந்து மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த எண்ணெய் வாசனை வந்தது. அதற்கப்புறம் பேய் என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு பாக்கியத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

அடையாறு ஆற்றோரத்தில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கும் பாக்கியத்துக்கும் நடுவில் ஒரு சந்துதான். எதிரில் ஆள் வந்தால் தோள் இடிக்கும் சந்து. அவள் பெசன்ட் நகர் பீச்சில் பஜ்ஜி போடுவாள். சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் தலையில் அந்தக் கடலைமாவு வாசனை போகாது. நான் காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைப்பேன். சாயங்காலம் எனக்கு ஓய்வு. அவளுக்கு அப்போதுதான் வியாபாரம். அதனால் இராத்திரி எட்டு மணி சீரியல் எனக்குக் கிடைக்கும், அவளுக்குக் கிடைக்காது.

அது ஒரு மந்திர தந்திர சீரியல். இந்திக்காரன் எடுத்ததைத் தமிழில் பேச வைத்திருந்தார்கள். வாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் பேச்சு வரும். மந்திரவாதி ஒருத்தன் ராணியைக் கிளியாக்கிவிடுவான். அந்தக் கிளி தன் அரண்மனைக்கு எதிர் மரத்தில் உட்கார்ந்து உள்ளே வேறு ஒருத்தி அதிகாரம் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பாம்பு வந்தால் ரப்பர் குழாய் மாதிரி இருக்கும். இருந்தாலும் கிளி அழுதால் நாங்களும் அழுவோம்.

காலையில் தண்ணி லாரி வரும்முன் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். பீச்சுக்குப் போனவள், பூ கட்டப் போனவள், ஆஸ்பத்திரியில் கூட்டப் போனவள், எல்லாருக்கும் முந்தின நாள் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. கதை சொல்கிறவள் எழுந்திருக்கக் கூடாது. வரிசை நகர்ந்தால் கேட்கிறவர்கள் அவள் குடத்தையும் நகர்த்தி, தண்ணீரும் பிடித்து, வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். நான் குடம் தூக்காமல் எத்தனையோ காலம் ஓட்டியிருக்கிறேன்.

உள்ளதை மட்டும் சொன்னால் லாரி கிளம்பும்வரை தாங்காது. அதனால் கொஞ்சம் சேர்ப்பேன். மந்திரவாதிக்கு மூலம் வந்து உட்கார முடியாமல் தவிப்பான். கிளி அவன் மொட்டைத் தலையில் எச்சமிடும். பாக்கியம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். சாயங்காலம் அதையே பீச்சில் பஜ்ஜி தின்ன வருகிறவர்களிடம் சொல்வாள்.

"அப்டி ஒண்ணும் வரலியேக்கா, நானும் பாத்தேனே" என்று ஒரு காலேஜ் பெண் சொல்லியிருக்கிறாள்.

"உன் டிவில வர்லியா? கேபிள்காரன கேளு" என்றாளாம் பாக்கியம்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிக்காது: காமெடிப் படம். கறுப்பாக, குண்டாக, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஒருத்தி ஆசையோடு வருவாள், காமெடியன் அலறிக்கொண்டு ஓடுவான், தியேட்டரே சிரிக்கும். பாக்கியம் அப்படித்தான் இருப்பாள். "என்ன மாரி இருந்தாலே அவுனுங்களுக்கு காமெடிக்கா. நம்ம மாரி பேசுனாலும் காமெடி. நாம இன்னா வேசம் கட்டிகினா கீறோம்?" என்றாள் ஒரு தடவை. அதிலிருந்து என் கதைகளில் அப்படி யாரையும் கொண்டுவந்ததில்லை.

பிறகு ஆற்றோர வீடுகளை எடுக்கிறார்கள் என்று வந்தார்கள். பாக்கியத்தின் வீடு ஆற்றைப் பார்த்த வரிசை, என்னுடையது ரோட்டைப் பார்த்த வரிசை. அந்தச் சந்துதான் எல்லை. அவர்கள் வரிசையை முதலில் எடுத்தார்கள். ஊரைத் தாண்டி எங்கேயோ அடுக்குமாடியில் வீடு. சாமான் ஏற்றும்போதே அவள் டிவி கீழே விழுந்து உடைந்தது. சீரியல் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

லாரியில் ஏறி அடுப்பு மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "கிளி இன்னா ஆச்சின்னு நீதான் வந்து சொல்லணும். வேற எவ சொன்னாலும் நான் காதுல வாங்க மாட்டேன்."

"சொல்றேன்டி, போ" என்றேன். எனக்கு அதில் ஒரு தெம்பு. கதை பாக்கி இருக்கும்வரை அவள் என்னை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முடிந்துவிட்டால் எதைச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்ப்பது என்ற பயமும் இருந்தது.

சீரியலின் கடைசி நாளன்று ராணி அரண்மனைக் கட்டிலில் கண் விழிக்கிறாள். கிளி இல்லை, மந்திரவாதி இல்லை, எல்லாம் கனவாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சோப்பு போட்ட துணியை அலசாமல் கொடியில் போடுவதைப் போன்ற வேலை அது. நான் வேலை செய்த வீடுகளில் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள்.

இதையா பாக்கியத்திடம் போய்ச் சொல்வது? பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு முடிவு ஒன்று செய்தேன். கிளி மந்திரவாதியின் கண்ணைக் கொத்துகிறது. ராணிக்குப் பழைய உருவம் வருகிறது. பெரிய வாசல் வழியாகவே நடந்து உள்ளே போகிறாள். காவல்காரன் சங்கு ஊதுகிறான். வயசான தாதி மஞ்சள் தண்ணீரில் அவள் காலைக் கழுவுகிறாள்.

பாக்கியத்தின் வீடு மேல் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. வழியெல்லாம் சாத்திய கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே ஒரு டிவி சத்தம். அவள் இளைத்திருந்தாள். தலையில் அந்தக் கடலைமாவு வாசனை இல்லை.

"பீச்சுக்கு போனா திரும்பி வர பஸ் இல்லக்கா. அடுப்ப தூக்கி பரண்ல போட்டுட்டேன்" என்றாள். பிறகு, குறை சொல்வதைப் போல, "தண்ணி வூட்டுக்குள்ளயே வருது" என்றாள்.

நான் கதையை ஆரம்பித்தேன். சங்கு நானே ஊதினேன். தாதி பேசுகிறபோது குரல் கம்மப் பேசினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். சிரிக்கவில்லை.

"முடிஞ்சிதா?" என்றாள். "நான் பாத்துட்டேன்க்கா. எதிர்வூட்டு பொண்ணு போன்ல போட்டு காட்டுச்சி. கனவுன்னு முட்ச்சிட்டானுங்க. அவ வூட்ட வுட்டு போகவே இல்லியாம். அப்ப நாம இத்தினி நாளு எதுக்கு அழுதோம்?"

"தெரிஞ்சிகினே ஏன்டி கேட்டுகினு இருந்த?"

"அம்மாந்தூரம் பஸ்ல வந்துகீற. கேக்காம இன்னா பண்றது?"

விருந்தாளிக்குக் காபி போட்டுக் கொடுப்பதைப் போல என் கதையைக் கேட்டிருக்கிறாள். என்னை ஒருவரும் அப்படி அடித்ததில்லை. நான் காபி குடித்த டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இனிமே இப்டிலாம் சேத்து சொல்லாதக்கா. எவ திரும்பி வந்தா, சொல்லு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் எப்போதாவது போனில் பேசுவாள். "இன்னா பாக்கற?" என்பாள். "ஒண்ணும் நல்லா இல்ல" என்பேன். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு என் வரிசையையும் எடுத்தார்கள். அவ்வளவு தூரம் போக மாட்டேன் என்று மகள் ராயப்பேட்டையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். ஆற்றோரத்தில் இப்போது வேலி போட்டு, செடி வைத்து, நடப்பதற்குப் பாதை போட்டிருக்கிறார்கள். பாலத்தில் பஸ் போகும்போது பார்ப்பேன். எது என் வீடு, எது அவள் வீடு என்று பிடிபடவில்லை.

போன மாதம் மார்க்கெட்டில், முன்பு எங்கள் வரிசையில் குடியிருந்து பூ கட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். பாக்கியம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"பாக்கியம்மா? அது பூட்சேக்கா. காரியம்லாம் முடிஞ்சி போச்சி. உனக்கு சொல்லலியா?"

"இன்னாமே ஆச்சி அவளுக்கு?"

"தெர்லக்கா. நானே யாரோ சொல்லி கேட்டேன்."

ஆற்றோரத்தில் ஒரு சாவு என்றால் எந்தப் பக்கம் தலை சாய்ந்தது, என்ன கேட்டாள், யார் அழுதார்கள், யார் அழுவதைப் போல நடித்தார்கள் என்பதுவரை மறுநாள் காலை லாரி வருவதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பாக்கியத்தின் வாயில் கடைசியாகத் தண்ணீர் விட்டது யாரென்றுகூட எனக்குத் தெரியாது. எதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவள்தான் நான். இதில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.