பிரேக்குக்குள் போன காற்று

எங்கள் ஊரில் உப்பு விளைவது பாத்தியில் மட்டுமில்லை, என் காருக்கு அடியிலும்தான். மரக்காணம் காற்று அப்படி. என் பழைய கான்டெஸ்ஸாவின் முன்பக்கம் முழுக்கத் துருவேறி, பள்ளத்தில் இறங்கினால் பாத்திரக்கடை சரிந்த மாதிரி சத்தம் போட்டது. வீடியோ பார்த்தவனுக்கு எதற்கு மெக்கானிக்? பிரேக், அதன் குழாய் உட்பட எல்லாவற்றையும் நானே கழற்றினேன், புது ரப்பர் புஷ் போட்டு நானே மாட்டினேன். சத்தம் போய்விட்டது. கூடவே பிரேக்கும் போய்விட்டது.

பெடலை மிதித்தால் டீயில் ஊறிய பன்னை மிதித்தது போல் பொதக்கென்று இறங்கியது. ஆயில் போகும் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. அதை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய கெடுவும் வீட்டிலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பொம்மையார்பாளையத்தில் மச்சினிக்கு வளைகாப்பு.

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பிரேக் புடிக்கலன்னா நான் பஸ்ல போறேன்" என்றாள் மனைவி. "நீங்க இந்தத் தகரத்தை எடைக்குப் போட்டுட்டு வாங்க."

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட. எடைக்குப் போடச் சொன்னவளையே கெஞ்சிக் கூட்டி வந்து சீட்டில் உட்கார வைத்தேன்.

"அமுத்து!"

"அமுத்திட்டேன்."

நிப்பிளைத் திறந்தேன். டியூப் வழியாகப் பாட்டிலில் ஆயில் இறங்கியது. சுத்தமான ஆயில். ஒரு குமிழி இல்லை. மூடினேன்.

"விடு!"

பெடல் பழையபடி பொதக். வெள்ளிக்கிழமை முழுக்க இதே கூத்து. காற்று உள்ளே இருப்பது பெடலில் தெரிகிறது, வெளியே மட்டும் வரவில்லை. பிறகு எங்கேதான் இருக்கிறது? ஆயில் டப்பாவை மாற்றினேன். டியூபை மாற்றினேன். சட்டையைக்கூட மாற்றினேன்.

உப்பளத்துக்கு பைக்கில் போன பக்கத்து வீட்டுக்காரர் காலை ஊன்றி நின்றார். "ஏம்பா, காருக்கு அடியிலயே குடித்தனமா? ரேஷன் கார்டை மாத்திட்டியா?"

"பிரேக்குல ஏர் எடுக்கறேங்க."

"வண்டியிலேர்ந்தா, உங்கிட்டேர்ந்தா?"

சனிக்கிழமை மத்தியானம் மனைவி என் போனை எடுத்தாள். காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பத்தான். அனுப்பியவள் பழைய போட்டோக்களையும் தள்ளிப் பார்த்திருக்கிறாள். கழற்றுவதற்கு முன் நான் ஜாக்கிரதையாக எடுத்து வைத்து, அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத போட்டோக்கள்.

"ஏங்க, நீங்க தொறந்து மூடுறீங்களே, அது போட்டோல மேல இருக்குது. இப்ப கீழ இருக்குது."

"அதெல்லாம் போட்டோவைத் திருப்பிப் பிடிச்சா அப்படித்தான் தெரியும்."

"கார் நேராத்தான நிக்குது?"

ஊர்ந்து வெளியே வந்து பார்த்தேன். நேராகத்தான் நின்றது. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்தான் அந்த நிப்பிள் இருக்கும் இடம்; வலது பக்கத்துக் காலிப்பரை இடது பக்கத்திலும், இடதை வலதிலும் மாட்டியிருக்கிறேன்! காற்று மேலே போய்ச் சொகுசாக உட்கார்ந்திருக்க, நான் கீழே வாசல் வைத்து இரண்டு நாளாக வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

மாற்றி மாட்டினேன். நிப்பிளைத் திறந்ததும் புளுக் புளுக்கென்று சோடா மாதிரி குமிழி வந்தது. அவள் மிதித்தாள். மறுபடி மிதித்தாள். "கல்லு மாதிரி இருக்குதுங்க."

உப்பளத்து மண்ரோட்டில் நான் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்திக் காட்டிய பிறகுதான் மறுநாள் ஏறினாள். சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈசிஆரில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நேர்கோட்டில் நச்சென்று நின்றது. பெருமையாகத் திரும்பினேன். அவள் வலது கால், பெடலே இல்லாத இடத்தில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஆடு போயிடுச்சு. விடு" என்றேன்.

பொம்மையார்பாளையம் வரைக்கும் விடவில்லை. வண்டியை நிறுத்தியது என் காலா, அவள் காலா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் குழப்பம்தான்.