வேன் அக்கா கூப்பிட்டால்

"எழுந்திரும்மா, அந்த நாற்காலியக் கொஞ்சம் எனக்குக் குடு" என்றுதான் வேன் அக்கா பேச்சைத் தொடங்கினார்.

"நீங்க யாரு?"

"காலையில ஸ்கூல் வேன் ஓட்டுறேன். பிள்ளைங்கள இறக்கிட்டு இங்க வந்து உட்காருவேன். சம்பளம் கிடையாது, அதனால என்னை வேலையவிட்டுத் தூக்கவும் முடியாது. நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்கு."

மகள் அசையவில்லை. "நான் போன நேரம் பார்த்து அம்மா போயிட்டாங்கன்னா?"

"அப்படித் தெரிஞ்சா உடனே கூப்பிடுறேன். இன்னிக்குத் தெம்பா இருக்காங்கன்னு நர்ஸம்மாவே சொன்னாங்க."

கண்மூடிப் படுத்திருந்த அம்மா வாய் திறந்தார். "போய்த் தொலையேன்டி. நீ என் மூச்சையே பார்த்துட்டு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

இனிக் குணப்படுத்த வழியில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்து சேர்ந்த இடம் அது. அப்பா போனபோது மகள் மருந்துக் கடையில் நின்றிருந்தாள். அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று நாற்காலியைவிட்டு நகராமல் இருந்தாள்.

அன்று போனாள். குளித்துவிட்டுத் தலை சாய்த்தவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள். அம்மாவின் அறையில் ஒலிக்கக் கூடாதென்று சைலன்ட்டில் போட்ட ஃபோன் அப்படியே கிடந்தது. விழித்துப் பார்த்தால் திரை நிறைய வேன் அக்காவின் அழைப்புகள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

அறையில் அம்மா தலையணையில் சாய்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா ஆசையா கேட்டாங்க. நர்ஸம்மாவும் குடுக்கலாம்னாங்க. சளி புடிக்குமோன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்..." என்று இழுத்தார் வேன் அக்கா.

"சளி புடிச்சு இனிமே எனக்கு என்னடி ஆயிடப் போகுது?" என்றார் அம்மா.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாதியில் அது சிரிப்பாகிவிட்டது. வேன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இப்படியா உன்னைப் பதற வைப்பேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதன்பிறகு சின்ன விஷயங்களுக்கு மெசேஜ் மட்டும் அனுப்பினார். கூப்பிட்டால் ஒரே காரணம்தான் என்று முடிவாயிற்று. ஃபோன் ஒலிக்காத நேரமெல்லாம் மகளுக்கு நிம்மதி. கடைக்குப் போனாள், வேலைக்கும் போய் வந்தாள்.

ஒரு காலையில் ஃபோன் ஒலித்தது. ஓடி வந்தாள். அம்மா போகும்போது அவருடைய கை மகளின் கைக்குள் இருந்தது.

சில மாதங்கள் கழித்து அவள் வீட்டு வாசலில் அந்த வேன் வந்து நின்றது. வேன் அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"அம்மா இருந்த இடத்துல இப்ப ஒரு வாத்தியார், பொண்டாட்டி பக்கத்தவிட்டு நகரவே மாட்டேங்கிறாரு. நான் சொன்னாக் கேக்கல. நீ வந்து அந்த நாற்காலியக் கேட்டு வாங்கேன். ஆனா ஒண்ணு, ஐஸ்கிரீமுக்கெல்லாம் அவரைக் கூப்பிட்டுடாதே."