ஒரே வளையத்தில் இரண்டு சாவிகள்: முதலமடையிலிருந்து சின்னக்கானல் வரை

"டீச்சர், ஒரு பூட்டுக்கு எதுக்கு ரெண்டு சாவி குடுக்காங்க?"

சின்னக்கானல் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு மழைநாளில் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒன்று தொலைந்தால் இன்னொன்று உதவும் என்றேன். அவள் உட்காரவில்லை. "ரெண்டும் ஒண்ணா மாட்டிக்கிட்டா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எனக்கே நடந்திருந்தது, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் முதன்முதலாக வந்த நாளில்.

போன வாரம் என் அண்ணன் மகள் குடும்பத்தோடு அதே வழியில் கார் எடுத்துக்கொண்டு போகப் போவதாகச் சொல்லி வழி கேட்டாள். வழியைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த நாளும் கூடவே வருகிறது. போகப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த நியமன உத்தரவு, தபாலில் எங்கெங்கோ சுற்றிவிட்டு முதலமடைக்கு வந்து சேர்ந்தபோது, வேலையில் சேரக் கடைசி நாளுக்கு ஒரே ஒரு நாள்தான் மீதி. அந்தக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் தலைமை ஆசிரியர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் உத்தரவு தானாகவே ரத்து. பஸ்ஸில் போனால் சேர முடியாது. எங்கள் தெருவில் மாம்பழ வியாபாரி ஒருவர் தன் பழைய காரையும் ஓட்டுநர் ராசண்ணனையும் அனுப்பி உதவினார். பெட்ரோல் எங்கள் செலவு. போவதற்கு மட்டும் அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது.

அம்மாவுக்கு என்னை மலைக்கு அனுப்ப மனமில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "நேரத்துக்குப் போவ முடியலீன்னா அழுவாதே கண்ணு. அதே வண்டீல திரும்பி வந்துரு," என்றார். அந்தக் கடைசி வாக்கியம் வழி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். காருக்குள் வைக்கோலும் பழுத்த மாம்பழமும் கலந்த வாசனை. சீசனில் கூடைகள் நிறைய ஏற்ற வேண்டும் என்பதற்காக டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருந்த தகரத்தடுப்பை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதனால் அந்த வாசனை தாராளமாக உள்ளே வந்துபோகும். பொள்ளாச்சி இருபத்தேழு கிலோமீட்டர், ஆறு மணிக்குத் தாண்டினோம். அங்கிருந்து உடுமலைப்பேட்டை முப்பது. ஏழு மணிக்கு அங்கே இட்லி, காபி. இரண்டு பேருக்கும் ஒரு ரூபாய் அறுபது பைசா.

தவறு அந்த இட்லிக் கடையில்தான் நடந்தது. செய்தது நான்.

ராசண்ணன் ஒரு சாவியை வண்டியில் போட்டு ஓட்டுவார். அதே மாதிரி இன்னொரு சாவியையும் டிக்கி சாவியையும் அரைஞாண் கயிற்றில் முடிந்திருப்பார். உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருந்தார்.

"ஏனுங்கண்ணா, உடம்புக்கு முடியலீங்களா?"

"சாவி இடுப்புல குத்துதுங்க அம்மணி. மேடேறங்காட்டி ரத்தமே வந்துரும்போல."

ஆசிரியப் பயிற்சி முடித்த புதுசு எனக்கு. பொருள்கள் சிதறிக் கிடந்தால் கை பொறுக்காது. காரின் மேலே கட்டியிருந்த என் டிரங்குப் பெட்டியின் சாவி தொங்கிய பித்தளை வளையத்தைக் கழற்றிக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணாக் கெடந்தா தொலையாதுங்கண்ணா," என்றேன். அவரும் இரண்டு கார் சாவிகளையும் அதில் கோத்துக்கொண்டார். டிக்கி சாவி சின்னது, குத்தவில்லை. அது கயிற்றிலேயே இருந்துவிட்டது. ஒரு வகுப்பில் சாக்பீஸ் முழுவதையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடுக்கி வைத்தோம் என்று திருப்திப்படுகிற மாதிரிதான் நான் திருப்திப்பட்டேன்.

சின்னாறு சோதனைச் சாவடி எட்டரை மணிக்கு. உடுமலையிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கேயிருந்து மறையூர் பதினாறு. மறையூருக்கு அப்பால் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அறுத்து அகற்ற இரண்டரை மணி நேரம். அதன் பிறகு மழை விட்டது, ஆனால் மூடுபனி இறங்கி, மலை எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. தேயிலைச் சரிவுகள் பாதி வரை தெரிந்து, மேலே ஒன்றுமில்லாமல் போயின. மூணாறு ஒன்றே கால், தேவிகுளம் ஒன்றே முக்கால். தேவிகுளம் தாண்டியதும் சாலை எங்கே, வானம் எங்கே என்று சொல்ல முடியவில்லை. நடந்து போகிறவர் வேகத்தில்தான் கார் போனது.

இரண்டு நாற்பதுக்கு, சின்னக்கானலுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது, ரேடியேட்டரில் ஆவி கிளம்பியது.

"வண்டி தண்ணி கேக்குதுங்க அம்மணி. ரெண்டு நிமிசம்." ராசண்ணன் வண்டியை நிறுத்தி, சாவியை அப்படியே விட்டுவிட்டு, தகர டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். நானும் இறங்கினேன். பை உள்ளே இருக்கிறதே என்று, கதவின் குமிழை அழுத்திப் பத்திரமாகச் சாத்தினேன். ஆளே இல்லாத மலையில் யார் திருட வருவார்கள் என்று யோசிக்கவில்லை.

நான் நின்ற இடத்தில் மலை ஒரு வெட்டாக விலகியிருந்தது. கீழே பள்ளத்தாக்கு இருக்க வேண்டும். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு ஆடு கத்தியது. திடீரென்று காற்று கிளம்பி வந்து, ராசண்ணன் திறந்துவிட்டுப் போன கதவை அடித்துச் சாத்தியது. அந்தக் கதவுக்கு ஒரு குணம் உண்டு. பலமாக அடித்தால் தானே பூட்டிக்கொள்ளும்.

"அட கெரகமே!" என்று, தண்ணீரோடு திரும்பி வந்த ராசண்ணன் டப்பாவைக் கீழே போட்டார்.

மற்ற இரண்டு கதவுகளும் காலையிலிருந்தே உள்ளே பூட்டியவை. மழைக்காகக் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. முன்பக்க முக்கோணக் கண்ணாடி துருவேறி அசையவில்லை. ராசண்ணன் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒடைச்சுப் போடட்டுங்களா அம்மணி?"

"மொதலாளிக்கு என்னங்கண்ணா சொல்லுவீங்க?"

"நேரமில்லீங்களே."

கல் அவர் கையிலேயே இருந்தது. நான் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். பின்சீட்டில் என் தோல் பை. அதன் வாயில் பழுப்பு உறையின் நுனி. மூச்சுக் காற்றில் கண்ணாடி மங்கியது, பை மறைந்தது; துடைத்தேன், திரும்ப வந்தது. யாரோ ஒரு பெண் எங்கோ போவதற்காகக் கட்டிவைத்த பை போலத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குளிரில் ஒரு கணம் மனம் லேசானது. இது திறக்காவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடியை உடைத்து, ஊருக்குத் திரும்பி, அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிடலாம்.

அப்போதுதான் வெள்ளைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. சத்தத்துக்குப் பிறகு கறுப்புக் கம்பளி போர்த்திய தலைகள். முதுகில் தேயிலை மூட்டையோடு ஐந்தாறு பெண்கள், இலை நிறுக்கப் போகிறவர்கள்.

"என்ன அண்ணாச்சி, கார் மஞ்சப் பாத்துப் பயந்து நின்னுட்டோ?" என்றாள் முன்னால் வந்தவள். மூடுபனிக்கு அங்கே மஞ்சு என்று பெயர். அவள் பெயர் செல்லக்கனி என்று பிறகு தெரிந்தது.

"சாவி உள்ளீங்க, நாங்க வெளியீங்க."

"ஏட்டி, அண்ணாச்சி சாவிக்கும் மரியாதை குடுக்காரு!" எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து, "நீங்க யாரு தாயி?" என்றாள்.

"இங்கத்த பள்ளிக்கூடத்துல டீச்சரா சேர வந்தேனுங்க. நாலு மணிக்குள்ள சேரோணும். உத்தரவு உள்ளே இருக்குது."

சிரிப்பு நின்றது. "ரெண்டு வருசமா எங்க பிள்ளைகளுக்குத் தமிழ் டீச்சர் இல்ல. போன தடவ ஒருத்தர் வந்தாரு, மழையப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டாரு. நீங்களும் திரும்பிராதீங்க தாயி." பிறகு ராசண்ணன் பக்கம் திரும்பினாள். "மாத்துச் சாவி இல்லையோ?"

"அதுவும் அதே வளையத்துல தொங்குதுங்க," என்றேன் நான். என் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்க லயத்துல இப்படி வச்சா அன்னிக்குப் பட்டினிதான்." லயம் என்று அங்கே சொல்வது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளை. "எஞ்சாவி ஒண்ணு எப்பவும் பக்கத்து வீட்ல இருக்கும்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவுங்க சாவி உங்கூட்லயுங்களா? ரெண்டு ஊடும் பூட்டியிருந்தா?"

"அந்தக் கூத்தும் ஒரு நாள் நடந்துச்சு. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து அழுதோம். அதுலேருந்து சாவி ஒரே பக்கமாத்தான் போகும். மொத வீட்டுச் சாவி ரெண்டாம் வீட்ல, ரெண்டாம் வீட்டுச் சாவி மூணாம் வீட்ல. ஆறு வீடு. கடைசி வீட்டுச் சாவி பிள்ளைகளப் பாத்துக்கிடுத ஆயாகிட்ட. அவ பகல்ல கதவையே அடைக்க மாட்டா."

"அப்ப மொத ஊட்டுக்காரங்க?"

"இந்தா நிக்காளே பாக்கியம், இவதான். சாவியத் தொலைச்சா அஞ்சு வீட்டையும் தொறந்து பாத்துட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவா. அதான் எல்லார் வீட்டுக் கதையும் இவளுக்குத் தெரியும்."

"போ மதினி, உன் வீட்ல கதைக்கு என்ன இருக்கு? காலிப் பானைதான் இருக்கு," என்றாள் பாக்கியம்.

செல்லக்கனி விடவில்லை. "ஒண்ணாவது வெளிய இருக்கணும் அண்ணாச்சி. வேற ஒரு சாவிகூடவா இல்ல?"

"டிக்கி சாவி ஒண்ணு இடுப்புல கெடக்குதுங்க. அதுக்குள்ள ஸ்டெப்னியும் மாம்பழமும்தானுங்க..." சொல்லிக்கொண்டே வந்த ராசண்ணன் நிறுத்தினார். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். தகரத்தடுப்புதான் இல்லையே.

மணி மூன்று பத்து. மாம்பழக் கூடையும் ஸ்டெப்னியும் சாலைக்கு வந்தன. ராசண்ணன் தலையை விட்டுப் பார்த்தார்; வயிறு வெளியிலேயே நின்றுவிட்டது. "நா போறேன்," என்று பாக்கியம் மூட்டையை இறக்கினாள். நிறுவைக்கு நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள். நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

"நானே போறனுங்க," என்றேன்.

உள்ளே இருட்டு. வைக்கோல் முகத்தில் குத்தியது. முழங்கை இரும்பில் உரசியது. சீட்டின் முதுகை இரண்டு கொக்கிகள் பிடித்திருந்தன. மேலே தூக்கித் தள்ளியதும் அது முன்னால் சாய்ந்தது. ஊர்ந்து போய்ப் பின்சீட்டில் விழுந்தேன்.

அங்கே ஒரு சத்தமும் இல்லை. காற்று வெளியே நின்றுவிட்டது. கண்ணாடிகள் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையில் கம்பளி போர்த்திய முகங்கள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன, நான் சற்று முன் பையைப் பார்த்த மாதிரியே. அந்தப் பை இப்போது என் மடியில் இருந்தது. குமிழை இழுத்துக் கதவைத் திறந்தேன். குளிரும் சிரிப்பும் ஒன்றாக உள்ளே வந்தன.

ரேடியேட்டருக்கு மறுபடி தண்ணீர் மொண்டு ஊற்றி, அம்மா எனக்காக ஏற்றிவிட்ட மாம்பழக் கூடையை அந்தப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு மூன்று இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். மூன்று ஐம்பதுக்குப் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் குடையோடு வாசலுக்கு வந்திருந்தார். என் தலையிலிருந்த வைக்கோலையும் புடவைக் கறையையும் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில், "டீச்சர் காரில் வந்ததோ, கூடையில் வந்ததோ?" என்றார். நான் கையெழுத்துப் போட்டபோது உத்தரவுத் தாளில் மாம்பழ வாசனை வந்தது.

ராசண்ணன் கிளம்பும்போது ஒரு சாவியைக் கழற்றி மறுபடி இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். வளையத்தை என்னிடமே நீட்டினார். "குத்துனா குத்தீட்டுப் போவுதுங்க அம்மணி. அம்மாகிட்ட என்னன்னு சொல்லட்டுங்க?"

"சேந்துட்டேன்னு சொல்லுங்கண்ணா."

கார் திரும்பியது. பத்தடிக்குள் அதன் பின்விளக்கு வெள்ளைக்குள் போய்விட்டது. பதினோரு வருடம் அங்கே இருந்தேன். என் அறையின் இரண்டாவது சாவி பாக்கியத்தின் வீட்டில் இருந்தது, நான் அவள் வீட்டுக்கு முன் வீடு என்பதால். லயத்துக் கதைகள் அதன் பிறகு எனக்கும் தெரியும்.

இப்போது போகிறவர்களுக்கு: முதலமடையிலிருந்து இந்த வழி நூற்று அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மழைக்காலத்தில் காலை ஐந்து மணிக்கே கிளம்புங்கள், இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் கையில் வைத்திருங்கள். சின்னாறு காட்டுச் சாலையில் எந்த நேரம் வரை வண்டியை விடுகிறார்கள் என்று முன்னாலேயே விசாரியுங்கள். இப்போதைய கார்கள் புத்திசாலி, சாவி உள்ளே இருந்தால் பூட்டிக்கொள்ளாது என்று என் அண்ணன் மகள் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் சாவிக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துபோவதும், கைப்பையோடு சாவி காருக்குள் மாட்டிக்கொள்வதும் நின்றுவிடவில்லை. சில வளைவுகளில் போனும் பேசாது. மாற்றுச் சாவியைக் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைப்பது, கேள்வித்தாளுக்குள்ளேயே விடையை மடித்து வைத்து இரண்டையும் சேர்த்துத் தொலைப்பது மாதிரி. கூட வருகிற இன்னொருவர் உடம்பில் அது இருக்கட்டும், கொஞ்சம் குத்தினாலும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இதைச் செய்யுங்கள்: உங்கள் சாவிக்கொத்தைக் காருக்குள் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் காரைத் திறந்து பாருங்கள்.