சாகாத செல்லும் களத்துத் தூசியும்

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். அறுப்பு முடிந்ததும் முதல் நெல்லை வீட்டு மருமகள்தான் முறத்தில் அள்ளித் தூற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கூலிக்காரி கை பட்டால் லட்சுமி தங்கமாட்டாளாம். எனக்கோ நெல் தூசி பட்டாலே மூச்சு இழுக்கும். முதல் வருஷம் தூற்றிவிட்டுப் படுக்கக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தேன்.

“நடிக்கிறா. வேலன்னா இழுக்கும், சோறுன்னா இழுக்காது” என்றார் மாமியார்.

அடுத்த அறுப்புக்கு முன்னால் கணவரை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன்.

“இது அலர்ஜிம்மா. உடம்பைக் காவல் காக்கிற செல்லுங்க, வேலை முடிஞ்சா தானா செத்துடணும். உங்கள மாதிரி ஆளுங்களுக்குத் தூசி உள்ள போனா, அதுல சிலது சீக்கிரம் சாகாது. அங்கயே தங்கி உங்க நுரையீரலையே புண்ணாக்கும். தூசிகிட்டயே போகாதீங்க” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் நடிக்கவில்லை என்று ஒருத்தராவது சொன்னாரே!

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிய மனுஷன் தன் அம்மாவிடம் சொன்னதைக் கேளுங்கள். “ஒண்ணுமில்லம்மா. இவ ஒடம்புல செல்லு சாவவே மாட்டேங்குதாம். அவ்ளோ கெட்டியா கீதாம்.”

அடப்பாவி! மீதியை எங்கே விழுங்கினாய்? புரியாமல் சொன்னாரா, புரிந்தே சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்ன மிச்சத்தை நான் கத்திக் கத்திச் சொன்னேன். யார் காதில் விழுந்தது?

“பாத்தியா? தூசி பட்டுப் பட்டுப் பழகிக்கினா எல்லாம் போய்டும்” என்றார் மாமியார்.

களத்தில் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். “லட்சுமி எதிர்ல இன்னாடி முக்காடு?” என்று பிடித்து இழுத்துவிட்டார். குவியலில் பாதி தூற்றுவதற்குள் நெஞ்சு அடைத்து விழுந்தேன். அறுப்புக்கு வந்த பெண்கள்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கணவர் மறுநாள் வந்தார். என் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“உன் தங்கச்சிக்கு இந்த மாதிரி இளைப்பு எதுனா கீதா?”

இல்லை என்று தலையாட்டினேன். மனுஷனுக்கு என் வீட்டார் மேல் கரிசனம் வந்துவிட்டது என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

“அப்ப சரி. அவளையே பொண்ணு கேக்கலாம்னு அம்மா சொல்லுது. வூட்டுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?”

மாஸ்க்கைக் கழற்றி வீசிக் காறித் துப்பியிருப்பேன். அதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.