எதிரணி அமைச்சரிடம் அக்கா கேட்ட பால்வாடி

ரஞ்சன்குடியில் பிறந்த ஐவரில் அக்கா மூத்தவர், நான் கடைசி. அப்பா காலமானபின், அக்காதான் தையல் இயந்திரம் ஒன்றை வைத்தே எங்கள் நால்வரையும் பெரம்பலூரில் படிக்க வைத்தார். அரியலூரில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் கட்சிக்காரர். அவர் இறந்தபிறகு கட்சியின் தேர்தல் நிதி வசூல் அக்காவின் பொறுப்பாயிற்று. ரசீது எழுத என்னையும் அழைத்துப் போவார். எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற கவலையில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவர் மட்டும் போகிற வீட்டிலெல்லாம் நிம்மதியாக மோர் வாங்கிக் குடிப்பார்.

ஒரு தேர்தலின்போது சுண்ணாம்புக்கல் குவாரி முதலாளி ஒருவரைப் பார்க்கப் போனோம். பள்ளத்து விளிம்பில் வேலமரக் கிளைகளில் ஆறு தூளிகள் தொங்கின. கல் சுமந்து வந்த ஒரு பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டுக்கு வந்தீங்களா, நோட்டுக்கு வந்தீங்களா?"

"நோட்டுக்குத்தாம்மா" என்றார் அக்கா.

"எதுக்கு வந்தா என்ன, அந்தத் தூளிய ஆட்டிட்டுப் போங்க. புள்ள ரொம்ப நேரமா அழுவுது."

அக்கா ஆட்டினார். முதலாளி வந்து அழைத்தும் பிள்ளை தூங்கும்வரை நகரவில்லை. அந்தத் தேர்தலோடு கட்சி வசூலை விட்டுவிட்டு, குவாரிப் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார். வாடகைக் கொட்டகையில் ஒரு பால்வாடி நடந்தது. ஆனால் எல்லாக் குவாரிகளுக்கும் நன்கொடை கேட்டுக் கட்ட முடியாது. முதலாளிகளே பள்ளத்தை விட்டுத் தள்ளிப் பால்வாடி அமைக்க வேண்டும் என்று அரசு விதி போட்டால்தான் உண்டு.

அப்போது அமைச்சராக இருந்தவர், எவரைத் தோற்கடிக்க நாங்கள் வசூல் செய்தோமோ அவர். போக வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நானும் உடன் போனேன்.

"என்னத் தோக்கடிக்க வசூல் பண்ணவங்கதானம்மா நீங்க?" என்றார் அமைச்சர்.

"ஆமாங்க ஐயா. வசூல் நல்லா வந்துச்சு, ஓட்டுத்தான் வரல."

"எங்க மாமனாரே குடுத்தாராமே?"

"குடுத்தாருங்க. ரசீது மட்டும் வேணாம்னுட்டாரு."

அமைச்சர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்காமல் தூளிகளைப் பற்றிச் சொன்னார். அமைச்சர் முழுவதையும் கேட்டார். விதியை எழுதும் குழுவில் அக்காவையே உறுப்பினராக்கினார். பள்ளத்துக்கும் பால்வாடிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கே மூன்று கூட்டங்கள் ஆயின. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. விதி வந்தது.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்திருந்தார். அறையில் நான் நடந்துகொண்டே இருந்தால், "தம்பி, உக்காருடா. உன்னப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு வாங்குது" என்பார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரு கட்சியினரும் வந்து தோள் கொடுத்தார்கள். யார் கொடியைப் போர்த்துவது என்ற பேச்சை எழுப்பாமல் இருந்ததற்கும் நன்றி. முன்னாள் அமைச்சர் முதுமையிலும் வந்து, கடைசி வரை நின்றார்.

அக்காவின் முதல் பால்வாடியை நடத்தும் இரண்டு ஆயாக்களை மட்டும் இறுதி ஊர்வலத்தில் காணவில்லை. எனக்கு வருத்தம்தான். மறுநாள் விசாரித்தேன்.

"நாங்களும் வந்துட்டா புள்ளைங்கள எங்கங்க உடுவாங்க? மறுபடி அந்த மரத்துலதான் கட்டுவாங்க" என்றார் மூத்தவர்.

அன்று பால்வாடியைத் திறந்து வைத்திருந்த அவ்விருவருக்கும் என் முதல் நன்றி.